மூன்று தண்ணீர் கழுவிய சேறு

உச்சக்கடையில் இறங்கி தாணுமாலயன் வீடு எது என்று கேட்டால் யாரும் இடது வலது சொல்லிக் குழப்ப மாட்டார்கள். முற்றத்துக் குழாயடி எப்போதும் நனைந்து கிடக்கிற வீடு என்பார்கள். மீன மாத வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கும்போதும் அந்த இடம் மட்டும் ஈரமாக இருக்கும். அங்கே அவர் எதையாவது கழுவிக்கொண்டிருப்பார்.

எதை என்று கேட்கக் கூடாது. சைக்கிளைக் கழுவுவார். சைக்கிள் கழுவிய துணியைக் கழுவுவார். செருப்பின் மேல்பக்கத்தை எல்லோரும்தான் கழுவுகிறார்கள். அவர் அடிப்பக்கத்தையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, அதையே போட்டுக்கொண்டு வயல் வரப்பில் நடந்து போவார். தேங்காயை உரிப்பதற்கு முன்னால் ஒருமுறை கழுவுவதற்கு அவரிடம் ஏதோ காரணம் இருந்தது. ஊருக்கு அது இன்றுவரை பிடிபடவில்லை. கல்யாணமாகி வந்த வாரத்திலேயே அவர் மனைவி சரோஜம் "கழுவினது போதும்" என்று சொல்ல ஆரம்பித்தாள். முப்பத்தொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மற்ற வீடுகளில் சாப்பிடக் கூப்பிடுகிற நேரத்தில் அந்த வீட்டிலிருந்து இந்தக் குரல்தான் கேட்கும்.

பழக்கம் தொழிலால் வந்ததா, பழக்கத்துக்கு ஏற்ற தொழில் வாய்த்ததா என்று சொல்வது கஷ்டம். நெய்யாற்றில் மணல் வாரக் கூடாது என்று தடை வந்தபோது, கரையோரத்து மண்ணைத் தோண்டிக் கழுவி மணல் பிரிக்கிற களங்கள் அங்கங்கே முளைத்தன. சட்டத்துக்கு அவை பிடிக்கவில்லை, கொத்தனார்களுக்குப் பிடித்திருந்தன. அப்படியொரு களத்தில் தாணுமாலயன் பன்னிரண்டு வருஷம் மணல் கழுவினார். மணல் நல்லதா என்று பார்க்கக் கொத்தனார்கள் ஒரு பாட்டில் சோதனை வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் பாதி தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்துவிட வேண்டும். மணல் உடனே அடியில் போய் உட்காரும். அதன்மேல் எவ்வளவு கலங்கல் நிற்கிறது என்பதுதான் கேள்வி. கலங்கல் அதிகமானால் மணலில் சேறு உண்டு என்று அர்த்தம், பூச்சு வெடிக்கும். தாணுமாலயன் கழுவிய மணலை எவ்வளவு குலுக்கினாலும் மேலே நிற்கிற தண்ணீரை அப்படியே எடுத்துக் குடிக்கலாம் போலிருக்கும். மூன்று தண்ணீர், அவர் பேச்சில் "மூணு வெள்ளம்", கழுவுவது அவர் முறை. முதல் தண்ணீரில் சேறு போகும், இரண்டாவதில் பிசுக்குப் போகும், மூன்றாவது அவர் மனசுக்காக.

ஒருநாள் அதிகாரிகள் வந்து களத்தைப் பூட்டினார்கள். அவர் அம்பூரிக்கு ரப்பர் வெட்டப் போனார். விரலில் ஒட்டிய ரப்பர் பால் கழுவினால் போகாது, காயவிட்டு உரித்தெடுக்க வேண்டும் என்று தெரிந்து ஒன்பதாம் நாளே திரும்பி வந்துவிட்டார். பிறகு அதியன்னூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்தார். இவருக்கென்றே செய்து வைத்த வேலை என்று சரோஜம் நிம்மதியானாள். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தின் பாயச உருளியைத் திங்கட்கிழமைக் கல்யாணத்தின் சமையற்காரர்கள் வந்து கேட்டபோது அவர் அதை இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலையும் போனது.

அந்தச் சமயத்தில்தான் ஆதிரா வந்தாள். பாறசாலைக்காரி. திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். நெய்யாறு கடலில் சேருகிற பொழிக்குக் கொஞ்சம் மேலே பனங்கடவு என்றொரு படகுத்துறை உண்டு. ஆற்றின் அடியில் சேறு மேடு தட்டி, மழைவெள்ளம் கடலுக்கு வடியாமல் ஊருக்குள் நிற்கிறது என்பதால், அங்கே இயந்திரம் வைத்துத் தூர்வாரப் போகிறார்கள். வாருவதற்கு முன்னால் ஒருமுறை, வாரும்போது ஒருமுறை, வாரி முடித்த பிறகு ஒருமுறை அடிச்சேற்றையும் தண்ணீரையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். கரையில் குவிக்கிற சேற்றையும் சோதிக்க வேண்டும். ஈயம், துத்தநாகம், செம்பு இவையெல்லாம் எவ்வளவு இருக்கின்றன, தூர்வாருவதால் ஆறு சுத்தமாகிறதா அழுக்காகிறதா என்று கண்டுபிடிப்பதுதான் அவள் ஆராய்ச்சி.

வந்த முதல் நாளே, படகில் கால் வைப்பதற்கு முன்பே, கடவின் பாசிப் படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தபடி, நம்பிக்கையான ஆள் யாராவது கிடைப்பார்களா என்று படகுக்காரர் ஜெயதாஸிடம் போனில் கேட்டாள். ஜெயதாஸ் கொஞ்சமும் யோசிக்கவில்லை. சுத்தமாக வேலை செய்ய ஒரு ஆள் உண்டு என்றார். அதில் ஒரு பொய்யும் இல்லை.

ஆதிரா ஒரு தாளில் விதிமுறைகளைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தனுப்பினாள். இரும்புக் கரண்டி கூடாது, பிளாஸ்டிக் கரண்டிதான். மேல் இரண்டு அங்குலச் சேறு போதும். டப்பாவில் எண் எழுத வேண்டும். ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். இலை, சுள்ளி, சிப்பி ஓடு முதலிய குப்பைகளை எடுத்துவிட வேண்டும். தாணுமாலயன் அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கரண்டி பிளாஸ்டிக். எண் தெளிவாக, பெரிதாக. ஐஸ் கொஞ்சமும் உருகவில்லை. குப்பையை எடுக்கிற இடம் வந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. இலையை எடுப்பானேன், சேற்றை விடுவானேன்? படித்த பிள்ளை, கால் வேறு முறிந்து கிடக்கிறாள், அவள் கைக்கு நாற்றமடிக்கிற கருஞ்சேற்றையா கொடுத்தனுப்புவது? கடவின் கடைசிப் படியில் உட்கார்ந்து, கொண்டுவந்த சேற்றை மூன்று தண்ணீர் கழுவினார். அடியில் பளபளவென்று நின்ற மணலை டப்பாவில் அடைத்தார்.

தண்ணீருக்கும் அதே மரியாதை நடந்தது. இயந்திரம் வாரிக்கொண்டிருந்த கும்ப மாதத்தில் ஆறு கருங்காப்பி நிறத்தில் ஓடியது. யாருக்காவது கலங்கல் தண்ணீரைக் கொடுப்பார்களா? வாளியில் மொண்டு, அரைமணி நேரம் தெளியவிட்டு, மேலாக வடித்துப் பாட்டிலில் நிரப்பினார். கரையில் குவித்திருந்த சேற்றுக்கும் மூன்று தண்ணீர். பார்த்துக்கொண்டிருந்த ஜெயதாஸ், இந்தக் கடவில் இவ்வளவு நல்ல மணல் உண்டென்று தனக்கே தெரியாது என்று பாராட்டினார். விதிமுறைத் தாளில் கழுவக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அப்படி எழுத வேண்டியிருக்கும் என்று உலகத்தில் எந்த ஆராய்ச்சிக்காரருக்குத் தோன்றும்?

நாற்பத்தெட்டு டப்பாக்களும் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. முடிவுகள் வந்தபோது ஆதிராவுக்கு ஆச்சரியமாக இருந்தது. சேற்றில் உலோகம் ஏறக்குறைய இல்லை. தூர்வாரும்போது எடுத்த தண்ணீரும் தெளிவு. ஆற்றின் அடியை அவள் கண்ணால் பார்த்ததில்லை. கடல் மணல் உள்ளே ஏறிவந்து மூடியிருக்கும் என்று அவளுடைய பேராசிரியர் சொன்னார், அவளும் ஒத்துக்கொண்டாள். தூர்வாரியவர்களுக்கு ஒரே சந்தோஷம். கரையில் மலைபோலக் கிடக்கிற சேற்றை என்ன செய்வது என்று அவர்கள் முழித்துக்கொண்டிருந்தார்கள். விஷமில்லாத சேறு என்றால் பள்ளமான நிலம் உள்ளவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிடலாமே?

ஊரில் பட்டியல் போட்டார்கள். முப்பத்தேழு வீடுகள். முதல் பெயர் சரோஜம். காலை ஏழு மணிக்கே வார்டு மெம்பர் வீட்டு வாசலில் போய் நின்றவள் அவள். அதில் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பதினைந்து சென்ட் ஒவ்வொரு இடவப்பாதி மழைக்கும் குளமாகிவிடும். அவள் நட்ட மரச்சீனிக் கிழங்கு வருஷா வருஷம் அழுகும். இரண்டடி உயர்ந்தால் போதும், சேனையும் வாழையும் கீரையும் போட்டு வீட்டுக்கு வேண்டியதை எடுத்துவிடலாம் என்பது அவளுடைய பல வருஷத்து ஆசை. சேனை வித்தைத் துண்டு போட்டு, சாணிப்பாலில் முக்கி, விறகுப்புரை நிழலில் உலர்த்தியும் வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுவதும் "கழுவினது போதும்" என்பதைக்கூடச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மேட மாதத்து ஞாயிற்றுக்கிழமை, வாசகசாலையில் கூட்டம். ஆதிரா ஊன்றுகோலோடு வந்திருந்தாள். சேறு கொடுப்பதற்கு முன்னால் பயப்பட ஒன்றுமில்லை என்று நாலு வார்த்தை சொல்லும்படி மெம்பர் கேட்டிருந்தார். மண்ணெடுத்துத் தந்த தாணு மாமாவின் உழைப்பைப் பற்றி அவள் நன்றாகவே சொன்னாள், ஜனங்கள் கைதட்டினார்கள். சரோஜம் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவர் தும்பைப்பூ மாதிரி வேட்டியில் கடைசி பெஞ்சில் ஜெயதாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தன் வாழ்க்கையில் முதல்முறையாக, தான் கழுவியதை யாரோ கண்டுகொண்டார்கள் என்று அவர் நெஞ்சு நிறைந்திருந்தது.

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குக் கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டார்கள். வெளியே செடித்தொட்டியிலிருந்து ஒரு கை மண்ணை எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மேசையில் வைத்தாள். தாணுமாலயன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருடைய பாட்டில். மணல் அடியில் போய் உட்கார்ந்தது. மேலே கலங்கல் நின்றது. எல்லோருக்கும் முன்னால் விடை தெரிந்த பிள்ளையைப் போல அவர் ஜெயதாஸின் தொடையைத் தட்டினார். கெட்டது மேலே நிற்கிறது பார் என்று அவள் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்.

ஆதிரா பாட்டிலின் மேல்பாதியில் விரலை வைத்தாள்.

"மணல்ல அதிகமொண்ணும் ஒட்டாது. ஈயமும் துத்தநாகமும் எல்லாம் ஒட்டிப் பிடிச்சிட்டு இருக்கது, இந்தா, இந்தக் கலங்கல்லயாக்கும். நாங்க தேடிப் போறது இதத்தான்."

படகுக்குப் பூசுகிற பெயின்ட், பட்டறைக் கழிவு, ரோட்டில் மழை கழுவிக் கொண்டுவருகிற அழுக்கு எல்லாமே இந்த நைசான சேற்றோடு சேர்ந்து அடியில் படியும் என்று அவள் விளக்கினாள். சும்மா விட்டால் பெரும்பாலும் அது பாட்டுக்குக் கிடக்கும். தூர்வாரும்போது கிளம்பிவிடும். கொஞ்சம் தண்ணீரில் கரையும், மீதி கலங்கலோடு ஒழுகிப்போய்க் கக்காச் சிப்பி வளர்கிற இடத்தில் படியும், வாரியெடுத்தது கரையில் குவியும். அதனால்தான் மூன்று முறை எடுத்துப் பார்க்கிறோம், நல்லவேளையாக நம் கடவில் அப்படி எதுவும் இல்லை என்று முடித்தாள்.

தாணுமாலயனுக்கு மற்றது எதுவும் காதில் விழவில்லை. கடவின் கடைசிப் படியும், அதிலிருந்து அவர் ஆற்றுக்குள் சரித்துவிட்ட கறுப்புத் தண்ணீரும் கண்முன்னால் வந்தன. டப்பாவுக்கு மூன்று முறை. அவள் தேடிப்போனது முழுவதையும் தன் கையாலேயே, பொறுமையாக, துளி மிச்சமில்லாமல், ஆற்றில் கொட்டியிருக்கிறார். அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. பக்கத்தில் இதைப் பார்த்த ஒரே சாட்சியான ஜெயதாஸ் அரைத்தூக்கத்தில் இருந்தார். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. திறந்தால் ஊரில் தனக்கிருக்கிற ஒரே நல்ல பேர் போகும், அந்தப் பிள்ளையின் ஐந்து மாத வேலை போகும், சரோஜத்தின் சேனை போகும்.

மெம்பர் பட்டியலை எடுத்து முதல் பெயரை வாசித்தார். சரோஜம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கையெழுத்துப் போட எழுந்தாள்.

அப்போதும் தாணுமாலயன் உண்மையைச் சொல்ல எழுந்திருக்கவில்லை. தப்பிக்க ஒரு வழி பாக்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் எழுந்தார்.

"டீச்சரே, ஒரு பேச்சுக்குக் கேக்குதேன். அந்த மாதிரிச் சேத்துல கெழங்கு நட்டா, பறிச்சு நல்லா கழுவினா போவுமா?"

ஆதிரா சிரித்தாள். "வெளிய ஒட்டினது போவும் மாமா. உள்ள ஏறினது கழுவினா போவாது."

கழுவினால் போகாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று ஐம்பத்தேழு வயதில் அவருக்குத் தெரிந்தது. ரப்பர் பாலையாவது உரித்தெடுக்கலாம். முப்பத்தேழு வீட்டுக் கிழங்கும் கீரையும் அவர் கண்ணில் வந்தன. சரோஜம் மேசையில் குனிந்து, பேனாவைக் கையில் வாங்கியிருந்தாள்.

"சரோஜம், ஒப்புப் போடாதே," என்றார். பிறகு ஆதிராவைப் பார்த்துச் சொன்னார். "அந்தக் கலங்கல நான் ஆத்திலயே ஊத்திப்போட்டேன் டீச்சரே. எல்லா டப்பாவும் கழுவித்தான் அனுப்பினேன். மூணு வெள்ளம்."

கொஞ்ச நேரம் ஒருவருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள், அது பெஞ்சு பெஞ்சாக முன்னால் வந்தது. ஆதிரா சிரிக்கவில்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலிலும் ஏதாவது செய்தீர்களா என்று கேட்டாள். தெளியவிட்டு வடித்ததாகச் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, தன் விதிமுறைத் தாளை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். கோபப்படுவதற்கு ஒரு வரியைத் தேடினாள், கிடைக்கவில்லை. குவியலிலிருந்து ஒரு கூடைகூட யாரும் எடுக்க வேண்டாம், மறுபடி சோதிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். சரோஜம் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

வாரி முடித்த இடத்தின் பழைய சேறு திரும்பக் கிடைக்காது. அது போனது போனதுதான். நல்ல காலம், கடவுக்கு மேலே இன்னும் தொடாத பாகம் ஒன்று இருந்தது, கரைக் குவியலும் அப்படியே இருந்தது. புதிதாக ஆரம்பிக்க வேண்டும். வேறு ஆள் பார்க்கலாம் என்று பேராசிரியர் சொன்னதற்கு, இனி உலகத்தில் எவன் கழுவினாலும் இவர் கழுவ மாட்டார் என்று ஆதிரா சொல்லிவிட்டாளாம்.

புதிய விதிமுறைத் தாள் வந்தது. தலைப்புக்குக் கீழே முதல் வரி: எதையும் கழுவக் கூடாது. இப்போது அந்தக் கல்லூரியில் ஆற்றுக்குப் போகிற எல்லா மாணவர்களுக்கும் அந்தத் தாள்தான் கொடுக்கிறார்கள். அந்த வரி தன்னால் வந்தது என்பதில் தாணுமாலயனுக்குப் பெருமையா வெட்கமா என்று சொல்ல முடியாது, உறைக்குள் போட்டு வைத்திருக்கிறார். ஆனால் வேலை அவரைப் படுத்தி எடுத்தது. கருஞ்சேற்றை அப்படியே அள்ளி, நாற்றத்தோடு, புழுவோடு டப்பாவில் அடைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க ஜெயதாஸுக்குப் பாவமாக இருந்தது. முதல் நாள் படகிலிருந்தே ஆதிராவைக் கூப்பிட்டு, டப்பாவின் வெளிப்பக்கத்தையாவது துடைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வெளிப்பக்கம் உங்கள் இஷ்டம் என்றாள். இயந்திரம் வாரத் தொடங்கியதும், காப்பி நிறத் தண்ணீரைக் காப்பி நிறத்திலேயே பாட்டிலில் நிரப்பினார்.

ஐந்து வாரத்தில் முடிவு வந்தது. கரைக் குவியலில் ஈயமும் துத்தநாகமும், சாப்பிடுகிற பயிர் நடுகிற மண்ணுக்கு ஆகாத அளவில் இருந்தன. வாரும்போது எடுத்த தண்ணீரில் இரண்டும் ஏறியிருந்தன, வாரி முடித்த பத்தாம் நாள் மறுபடி இறங்கியிருந்தன. இறங்கியது எங்கே போயிற்று என்று இனிமேல்தான் கீழே தேட வேண்டும். குவியலை யார் நிலத்திலும் போடக் கூடாது, தார்ப்பாய் விரித்த குழியில் போட்டு மூட வேண்டும் என்று முடிவானது. முப்பத்தேழு வீட்டுக்காரர்களும் இரண்டு வாரம் தாணுமாலயனை "மூணு வெள்ளம்" என்று கூப்பிட்டார்கள். பிறகு அவர்களுக்கே யோசனை வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

சரோஜம் கூப்பிடக்கூட இல்லை. கூட்டத்தன்றிலிருந்து அவரோடு பேச்சு நின்றிருந்தது. சோறு போட்டு மூடி வைப்பாள். சேனை வித்தை சிமென்ட் சாக்குகளில் நட்டுச் சுவரோரம் வரிசையாக வைத்தாள். அவர் காலையிலிருந்து மத்தியானம் வரை குழாயடியில் எதைக் கழுவினாலும் "கழுவினது போதும்" வரவில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் எப்போது நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருநாள் ஒரே செம்பை நாலு தடவை தேய்த்தார். முப்பத்தொரு வருஷத்தில் இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை, அவருக்கு அது தாங்கவில்லை.

பிறகு மழை பிடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம், கடவுக்குக் கீழே தேடி எடுத்த கடைசி டப்பாக்களை அனுப்பிவிட்டு அவர் வீட்டுக்கு வந்தபோது, பின்பக்கத்துப் பதினைந்து சென்டும் வழக்கம்போலக் குளமாக இருந்தது. சரோஜம் முழங்கால் தண்ணீரில் நின்று, மண்வெட்டியால் வாய்க்கால் கீறிக்கொண்டிருந்தாள். அவர் குழாயடிக்குப் போகாமல் நேரே பின்னால் வந்து நின்றார். கையில் முழங்கை வரை கருஞ்சேறு.

"எல்லாம் என்னாலதான்," என்றார்.

அவள் வெட்டுவதை நிறுத்தினாள். தண்ணீரைப் பார்த்தாள், பிறகு அவரை.

"இது வெறும் வெள்ளமாக்கும். மழை விட்டா ரெண்டு நாள்ல வடிஞ்சு போவும். அந்தச் சேத்தக் கொண்டு இங்க தட்டியிருந்தா, எந்த மழைக்கு வடியும்?"

தாணுமாலயனுக்குக் கண் நிறைந்தது. துடைக்கக் கை தூக்கினார், கை சேறாக இருப்பதைப் பார்த்து அப்படியே நிறுத்தினார். மழையில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். சரோஜம் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தாள். இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா தேச்சுக் கழுவிட்டு வாங்க. சோறு போடுதேன்."

முப்பத்தொரு வருஷத்தில் சரோஜம் அவரைக் கழுவச் சொன்னது அதுதான் முதல் தடவை.